பாம் ஷெல்டரில் கிடந்த 23 சேனல் சிபி ரேடியோ: பழுது பார்த்ததும் விற்கப் போனதும்

இந்த ஆய்வுக்கு வந்த கருவி ஒரு பழைய சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ, பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ. 23 சேனல், ஏஎம் மட்டும், 12 வோல்ட் காரில் மாட்டும் வகை. ஜப்பானில் செய்து அமெரிக்கக் கடைப் பெயரில் விற்றது. அந்தக் காலத்தில் ஒரே சர்க்யூட் பல பெயர்களில் வந்ததால் முகப்பில் இருக்கும் பெயருக்குப் பெரிய அர்த்தம் இல்லை. வயதைக் கண்டுபிடிக்கச் சேனல் எண்ணிக்கையே போதும். அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் முதலில் 23 சேனல்கள்தான் இருந்தன. 1977 ஜனவரியில் அது 40 ஆனது. ஆகவே 23 சேனல் கருவி என்றால் அதற்கு முந்தையது.

உரிமையாளர் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் ஓர் அக்கா. அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரிஷியனாக இருந்தவர். 1970களில் ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது இதை வாங்கி வந்திருக்கிறார். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க லாரி ஓட்டுநர்களிடம் சிபி மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது, துறைமுகக் கடைகளில் மலிவாகவே கிடைத்திருக்கும். ரேடியோவோடு ஒரு மேசை மைக்கும் சேர்த்து வாங்கியிருந்தார்: ஆஸ்டாட்டிக் டி-104. தண்டின் மேல் வட்டத் தலை வைத்த, குரோம் பளபளக்கும், படங்களில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய மைக். வீடு மாறியபோது இரண்டும் ஒரே அட்டைப் பெட்டியில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் போயின. அவர் இறந்த பிறகு அறையை ஒழிக்கும்போதுதான் வெளியே வந்தன.

அக்காவுக்கு இரண்டு கேள்விகள். “இது வேலை செய்யுமா தம்பி? வித்தா என்ன வரும்?” அவருடைய மகன் வெளிநாட்டு விற்பனைப் பக்கங்களில் சில விலைகளைப் பார்த்து வைத்திருந்தார், எதிர்பார்ப்பும் அந்த அளவுக்கு இருந்தது. முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் இரண்டாவதற்கும் தானாகக் கிடைத்துவிடும் என்று அம்மாவும் மகனும் நினைத்தார்கள். சிங்கப்பூரில் அப்படி இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தபோது

பாம் ஷெல்டர் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் உள்ள சின்ன அறை. கதவை மூடி வைத்தால் காற்று நகராது. நம் ஊரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத மதியத்தில் 60 பக்கம் இறங்கும். வரவேற்பறையில் இருக்கும் பொருள் தினமும் மதியம் கொஞ்சம் உலர்ந்துகொள்ளும். ஷெல்டரில் தரையோடு வைத்த அட்டைப் பெட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை, அட்டையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதன் அடையாளம் எங்கும் தெரிந்தது. மைக் கேபிளின் மேலுறை பிசுபிசுத்தது, உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. ஸ்பீக்கர் ஓரத்துப் பஞ்சு தொட்டால் மாவாக உதிர்ந்தது. மூடியைக் கழற்றியதும் ஓரமாக இரண்டு பல்லி முட்டை ஓடுகள். இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒதுக்கிவிடக் கூடாது. முட்டைச் சாறும் பல்லி எச்சமும் போர்டில் காய்ந்து ஈரத்தோடு சேர்ந்தால் மெல்லிய செம்புத் தடங்களையும் பாகங்களின் கால்களையும் அரிக்கும். எந்த இடம் என்று படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து பவர் கம்பி. வழியில் இருந்த பியூஸ் கூட்டைத் திருகித் திறந்தால், எரிந்த பியூஸைச் சுற்றிச் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள். யாரோ, எப்போதோ, அவசரத்தில் செய்த வேலை. வெள்ளித் தாளைப் பார்த்தவுடனே கதையின் மீதி தெரிந்துவிடும்: கம்பியைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பியூஸ் போயிருக்கிறது, காரணம் புரியாமல் தாளைச் சுற்றி மறுபடி கொடுத்திருக்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்ததில் பவர் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே ஒரு ஓமுக்கும் குறைவு, முனைகளை மாற்றிப் பிடித்தாலும் அதே அளவு.

இந்த வகைக் கருவிகளில் பவர் நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு டையோடு இருக்கும். சரியாகக் கொடுத்தால் அது சும்மா இருக்கும். மாற்றிக் கொடுத்தால் மின்னோட்டம் முழுவதையும் தன் வழியே இழுத்து, பியூஸை எரித்து, மற்றதைக் காப்பாற்றும். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தாள் இருந்ததால் டையோடே உருகி ஷார்ட் ஆகிவிட்டது. ஒரு காலைக் கழற்றியதும் ஷார்ட் போய்விட்டது. புது டையோடு, புது பியூஸ் கூடு, 2 ஆம்பியர் பியூஸ் எல்லாம் சிம் லிம் டவரில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்தவரை இந்த மாதிரி வேலைக்குப் பழைய ரேடியோவே வாங்கி உதிரி எடுக்கலாம், 2017 ஜூலையில் அது மூடியாயிற்று.

சத்தம் வராததற்கு மைக் காரணம்

கரெண்ட் வரம்பு வைத்த பவர் சப்ளையில் அரை ஆம்பியருக்கு மேல் போகாதபடி கட்டி, 13.8 வோல்ட் கொடுத்தேன். மீட்டர் பல்பு எரிந்தது. ஏறத்தாழ கால் ஆம்பியர் எடுத்தது, வரவேற்கும் நிலையில் இப்படிப்பட்ட கருவிக்கு இயல்பான அளவு. ஆனால் ஸ்பீக்கரில் மூச்சே இல்லை.

பழைய சிபி விற்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் “வேலை செய்யவில்லை” என்று எழுதி விலையைக் குறைத்துவிடுவார்கள். நிறைய சிபி கருவிகளில் வரவேற்கும் பாதை மைக் வழியாகத்தான் மூடுகிறது. மைக்கில் உள்ள பேசும் விசையை அழுத்தாதபோது அதன் ஒரு தொடர்பு வரவேற்புக் கம்பியைத் தரையோடு சேர்க்கும், அழுத்தினால் அதை விட்டுவிட்டு அனுப்பும் கம்பியைச் சேர்க்கும். மைக் இல்லாவிட்டாலும், அதன் கேபிள் அறுந்திருந்தாலும், ரேடியோ ஊமைதான். சர்க்யூட் படத்தைப் பார்த்துச் சாக்கெட்டில் உரிய இரண்டு பின்களை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்ததும் ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தது. கூடவே பட்பட்டென்று மோட்டார் படகு ஓடுகிற சத்தம்.

படகுச் சத்தத்துக்குக் காரணம் பவர் லைனில் இருந்த பெரிய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் வறண்டுபோனது. அதை மாற்றினேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக, கண்டென்சரின் உள் மின்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரில் பார்த்து, கெட்டுப்போன சிலதை மட்டும் மாற்றினேன். பழைய ரேடியோ என்றால் எல்லாக் கண்டென்சரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐம்பது வயதுப் போர்டில் ஒவ்வொரு முறை சால்டரிங் அயர்ன் வைக்கும்போதும் ஒரு செம்புத் தடம் உரியும் வாய்ப்பு இருக்கிறது. சேகரிப்பவர் வாங்கினால் அவர் முதலில் பார்ப்பதும் கை படாத போர்டைத்தான். கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு எந்த இடம் என்று எழுதி வைத்தேன்.

நான்குக்கு ஒன்று வீதம் செத்த சேனல்கள்

சிக்னல் ஜெனரேட்டரை 27 மெகாஹெர்ட்ஸில் வைத்து ஒவ்வொரு சேனலாகப் பார்த்தபோது கருவி தன் பழுதைத் தானே சொன்னது. 3, 7, 11, 15, 19 ஆகியவை ஊமை. மற்றவை கேட்டன.

ஏன் இப்படி என்று புரிய, 40 சேனலுக்கு முந்தைய கருவிகள் அலைவரிசையை உண்டாக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். பின்னால் வந்தவற்றில் பிஎல்எல் என்ற அலைவரிசை உண்டாக்கும் சில்லு ஒன்றே எல்லாச் சேனலையும் கொடுத்துவிடும். இதில் கிரிஸ்டல்கள், அதாவது ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரே அலைவரிசையில் அதிரும் குவார்ட்ஸ் துண்டுகள். சேனலுக்கு ஒன்று என்று அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் தனித்தனியாக வைத்தால் 46 கிரிஸ்டல் வேண்டும். கட்டுப்படியாகாது. அதனால் 37.600 முதல் 37.850 மெகாஹெர்ட்ஸ் வரை 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஆறு கிரிஸ்டல், 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அனுப்புவதற்கு நான்கு, வாங்குவதற்கு நான்கு என்று மொத்தம் 14இல் முடித்துவிட்டார்கள். ஆறு சட்டையும் நான்கு வேட்டியும் இருந்தால் இருபத்து நான்கு விதமாக உடுத்தலாம் அல்லவா, அதே கணக்கு.

37.600இலிருந்து 10.635ஐக் கழித்தால் 26.965, அது சேனல் 1. அதே 37.600இலிருந்து 10.625, 10.615, 10.595 என்று கழித்தால் 2, 3, 4. அடுத்த சட்டைக்கு மாறினால் 5 முதல் 8 வரை. வாங்கும்போது வேறு நான்கு: 10.180, 10.170, 10.160, 10.140. இவை அனுப்பும் கிரிஸ்டல்களைவிடச் சரியாக 455 கிலோஹெர்ட்ஸ் குறைவு, அந்த வித்தியாசம்தான் ரேடியோ உள்ளே சிக்னலைக் கடைசியாக மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை (ஐஎஃப்). 24 சேர்க்கையில் ஒன்று மிஞ்சும். 22க்கும் 23க்கும் நடுவே குமிழில் எண் இல்லாத ஓர் இடம் இருக்கிறதே, அதுதான். அந்த 27.235தான் 1977இல் சேனல் 24 ஆனது. எண் வரிசையில் 23க்குப் பிறகு வரும் 24உம் 25உம் அலைவரிசையில் அதற்கு முன்னால் இருப்பதற்கு இந்தப் பழைய இடைவெளிதான் காரணம்.

இப்போது பழுது எங்கே என்று பார்ப்பது எளிது. 37 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று போயிருந்தால் தொடர்ந்து நான்கு சேனல் சாகும், உதாரணமாக 9 முதல் 12 வரை. 10 மெகாஹெர்ட்ஸ் வகை போயிருந்தால் நான்குக்கு ஒன்று சாகும். இங்கே இரண்டாவது. மூன்றாவது வரிசை, ஆகவே 10.160. சேனல் குமிழின் சுவிட்சில் அந்தத் தொடர்பு கறுத்திருக்கலாம் என்பது இன்னொரு சாத்தியம். வெள்ளி பூசிய தொடர்புகள் எல்லாமே கறுத்துத்தான் இருந்தன. கிளீனர் விட்டுக் குமிழைச் சுற்றினேன், மற்றச் சேனல்களின் கரகரப்பு போயிற்று, ஊமைச் சேனல்கள் அப்படியே இருந்தன. பிறகு முட்டை ஓடு கிடந்த இடத்தின் படத்தைப் பார்த்தேன். 10.160 அதற்கு நேர் கீழே.

கிரிஸ்டலின் ஒரு கால் போர்டுக்குச் சற்று மேலே அரித்து அறுந்திருந்தது. கால் கூட்டுக்குள் நுழையும் இடத்துக் கண்ணாடி முத்திலிருந்து கொஞ்சம் கால் மிச்சம் இருந்ததால் தப்பித்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, மெல்லிய கம்பியைச் சூடு அதிகம் ஏறாமல் சட்டென்று பற்றவைத்தேன். முத்தோடு ஒட்டி அறுந்திருந்தால் இந்தக் கிரிஸ்டலை ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்க வேண்டியிருக்கும், அதற்கு ரேடியோவின் விலையே ஆகிவிடும். ஐந்து சேனலும் திரும்பின. ஒரு மைக்ரோவோல்ட் சிக்னலில் தொனி எல்லாச் சேனலிலும் தெளிவாகக் கேட்டது. ஐஎஃப் சுருள்களின் திருகுகளை நான் தொடவே இல்லை. காய்ந்த பெரைட் கரு ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான், நன்றாகக் கேட்கும் ரேடியோவில் அதைத் திருகிப் பார்ப்பது வெறும் கை அரிப்பு.

அனுப்பும் பகுதி

மகனுக்கு ஆசை: “அங்கிள், ஒரு தடவை ஆன்டெனா போட்டுப் பேசிப் பாக்கலாமே?” முடியாது என்று சொன்னேன். சிங்கப்பூரில் ரேடியோ அலைபரப்பும் கருவியை இயக்க, தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐஎம்டிஏயின் உரிமம் வேண்டும். வரையறுத்த குறைந்த திறனுக்குள் இருக்கும் சிறு கருவிகளுக்குத்தான் விலக்கு, 4 வாட் சிபி அதில் அடங்காது. அமெச்சூர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. இதற்குச் சற்று மேலே அவர்களுக்கு உள்ள அலைவரிசை 28 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது.

அதனால் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரிலிருந்து டிரைவருக்கும் கடைசி டிரான்சிஸ்டருக்கும் பவர் கொண்டுபோகும் கம்பியைக் கழற்றி உறை போட்டேன். ஆன்டெனா சாக்கெட்டில், அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் 50 ஓம் டம்மி லோடு. அதன் பிறகு அனுப்பும் பின்னைத் தரையோடு சேர்த்து, மிக்சர் வரை வரும் அலைவரிசையை மட்டும் கவுண்டரில் பார்த்தேன். எல்லாச் சேனலும் சில நூறு ஹெர்ட்ஸ் பிசகுக்குள் இருந்தன. 0.005 விழுக்காடு, அதாவது சுமார் 1,350 ஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு, ஆகவே நல்ல நிலை. வாட் எவ்வளவு வருகிறது என்று அளக்கவில்லை. விற்பனைக் குறிப்பில் “அனுப்பும் பகுதி சோதிக்கப்படவில்லை” என்று ஒரு வரி போடுவதில் எந்த வெட்கமும் இல்லை.

மைக்

டி-104இன் உள்ளே இருப்பது ரோஷெல் உப்புக் கிரிஸ்டல். பெயரே சொல்கிறது, உப்பு. ஈரத்தைக் குடித்துக் கரைந்து கெடும். உலர்ந்த ஊர்களில் பல பத்தாண்டுகள் தாங்கியவை உண்டு, ஷெல்டரில் கிடந்தது தாங்கியிருந்தால்தான் ஆச்சரியம். அலைக்காட்டியில் வைத்துத் தலைக்கு முன் பேசினால் கோடு அசைவதே அரிது. அடித்தட்டில் ஆம்பிளிபயருக்கான 9 வோல்ட் பேட்டரி கசிந்து ஸ்பிரிங் தொடர்பைத் தின்றிருந்தது. அதைச் சுத்தம் செய்து புதுத் தொடர்பு வைத்தேன். செராமிக் தலை வாங்கிப் போட்டால் மறுபடி பேசும், ஆனால் வாங்குபவர் என்ன நோக்கத்துக்கு வாங்குவார் என்று தெரியாமல் அந்தச் செலவை அக்காவின் தலையில் கட்ட மனம் வரவில்லை. குரோமை மட்டும் மென்துணியால் துடைத்தேன். அசல் பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விற்கலாமா

இப்போது இரண்டாவது கேள்வி. மகன் காட்டிய விலைகள் எல்லாம் விற்பவர்கள் கேட்ட விலை. கேட்ட விலைக்கும் விற்றுப்போன விலைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை முடிந்த விற்பனைகளைத் தேடிப் பார்த்தால் தெரியும். 23 சேனல் கருவிகள் அரிதானவை அல்ல. மோகம் உச்சத்தில் இருந்தபோது மில்லியன் கணக்கில் செய்தார்கள், 40 சேனல் வரப்போகிறது என்றதும் கடைகளே அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளின. இன்று விலை போவது எஸ்எஸ்பி என்ற ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசும் வசதியுள்ள, பெயர்பெற்ற சில மாடல்கள்தான். ஏஎம் மட்டும் உள்ள சாதாரணக் கருவிக்கு அசல் பெட்டி, கையேடு, மாட்டும் பிராக்கெட், திருகுகள் எல்லாம் இருந்தால் கொஞ்சம் கூடும். இங்கே பிராக்கெட்டும் கையேடும் இருந்தன. பெட்டி இல்லை.

அதைவிடப் பெரிய தடை சட்டம். தொலைத்தொடர்புக் கருவி விற்பதற்கு இங்கே டீலர் உரிமம் உண்டு, கருவியும் ஐஎம்டிஏயில் பதிவாகியிருக்க வேண்டும். ஹூஸ்டனில் வாங்கிய 1970களின் ரேடியோ எந்தப் பதிவேட்டில் இருக்கப்போகிறது? “வீட்டுல கெடந்த பழைய சாமான்தானே, கேரசல்ல போட்டா யாரு கேக்கப் போறா?” என்றார் மகன், பழைய பொருள் விற்கும் செயலியைச் சொல்லி. யாரும் கேட்காமலே போகலாம். ஆனால் வாங்குகிறவர் அதைக் காரில் மாட்டிப் பேசினால் விளம்பரத்தில் இருப்பது அக்காவின் பெயர். எழுபது வயதில் அவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? மலேசியாவில், ஜொகூரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. எல்லையைத் தாண்டினால் அங்கேயும் சான்றிதழ், அனுமதி என்ற கேள்விகள் உண்டு. நல்ல வேளையாக அக்காவே அதை வேண்டாம் என்றுவிட்டார்.

இப்படியாக, பழுது முழுவதும் சரியான ரேடியோவுக்கு இந்த ஊரில் விலை இல்லை. பழுதான மைக்குக்கு இருந்தது. மைக் அலைபரப்பும் கருவி அல்ல, வெறும் மைக். விளம்பரத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்: “ஆஸ்டாட்டிக் டி-104 மேசை மைக், அசல் குரோம், சிறு கீறல்கள் படத்தில். உள்ளே கிரிஸ்டல் செத்துவிட்டது, ஒலி வராது. பேட்டரி இடம் சுத்தம் செய்யப்பட்டது. கேபிள் மாற்ற வேண்டும். காட்சிக்கு வைக்க, அல்லது புதுத் தலை போட்டுப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு.” கெட்டதை முதலிலேயே சொன்னால் பேரம் குறையும் என்பது என் அனுபவம். அப்படித்தான் ஆயிற்று. காப்பிக் கடைக்கு அலங்காரம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் 70 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார், ஒரு வெள்ளி கூடக் குறைக்கச் சொல்லவில்லை. என் உதிரிப் பாகச் செலவு போக மீதி அக்காவுக்கு.

ரேடியோ ஈசூனிலேயே இருக்கிறது. மகன் கேமரா வைக்கும் உலர்பெட்டியில் ஒரு தட்டு காலியாக இருந்தது, அதில் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்கிறார்கள். மூடியின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் எழுதியது: அனுப்பும் பகுதியின் பவர் கம்பி கழற்றப்பட்டுள்ளது. 10.160 கிரிஸ்டலின் இடது கால் ஒட்டுப்போட்டது, அசைக்க வேண்டாம். சேனல் 3, 7, 11, 15, 19 மறுபடி போனால் முதலில் அந்த ஒட்டைப் பாருங்கள். பிறகு மாற்றிய கண்டென்சர்களின் இடமும் அளவும், பல்லி முட்டை இருந்த மூலையும்.